தீயோடு வாழ்ந்த மரங்களைத் தீயே கொல்வது ஏன்?

2021 செப்டெம்பரில் ஒரு புகைப்படம் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள செக்கோயா தேசிய பூங்காவில், 'ஜெனரல் ஷேர்மன்' எனும் மரத்தின் அடிப்பாகம் தீயைத் தாங்கும் அலுமினியப் போர்வையால் சுற்றப்பட்டிருந்தது. சுமார் 84 மீற்றர் உயரமான இம்மரத்தின் வயது ஏறத்தாழ 2,200 வருடங்கள் என மதிப்பிடப்படுகிறது. தண்டின் கனவளவில் உலகின் மிகப்பெரிய மரமும் இதுதான். மின்னலால் மூண்ட காட்டுத்தீ அதனை நெருங்கிக்கொண்டிருந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இவ்வளவு காலமா அங்க தீயே வரல்லயா?"

நல்ல கேள்வி. தீ பலமுறை வந்திருக்கிறது. செக்கோயா தீயோடு வாழப் பழகிய மரம். அதன் பட்டை 60 சென்ரிமீற்றர் வரை தடிப்பானது. பல வருடங்கள் மூடிக்கிடக்கும் அதன் கூம்புகள், தீயின் வெப்பத்தில் உலர்ந்து விரிந்து விதைகளைக் கொட்டுகின்றன. சருகு எரிந்து வெறுமையான மண்ணும் சூரிய ஒளியும் கிடைத்தால்தான் அச்சிறு விதைகள் நன்கு முளைத்து நிலைக்கும். மின்னல் மூட்டிய தீயும், பூர்வீகக் குடிகள் திட்டமிட்டு வைத்த தீயும் அடிக்கடி தரையோடு தவழ்ந்து, சருகையும் சிறுமரங்களையும் எரித்துவிட்டு அடங்கின.

பின்னர் பூர்வீகக் குடிகள் தமது நிலங்களிலிருந்து அகற்றப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டில், எந்தத் தீயையும் உடனே அணைக்க வேண்டும் என்பது அரச கொள்கையானது. காட்டைக் காப்பதே நோக்கம். ஆனால் எரிய வேண்டிய சருகு குவிந்தது. நிழலில் வளரும் வேறு மரங்கள் நெருக்கமாக முளைத்தன. இன்று தீ மூண்டால், அம்மரங்களையே ஏணியாக்கி செக்கோயாவின் உச்சிவரை ஏறிவிடுகிறது. பட்டை தண்டைக் காக்கும்; கருகும் இலைகளைக் காக்காது.

இதனோடு வெப்பமடையும் காலநிலையும் சேர்ந்தது. 2012 முதல் 2016 வரையான கடும் வரட்சியில் கலிபோர்னியாவில் 100 மில்லியனுக்கும் அதிகமான மரங்கள் பட்டுப்போய் விறகாக நின்றன. விளைவு, 2020, 2021 ஆகிய இரு வருடத் தீயில் மட்டும் உலகின் பெரிய செக்கோயா மரங்களில் 13 முதல் 19 வீதம் வரை அழிந்ததாக மதிப்பிடப்பட்டது.

ஜெனரல் ஷேர்மன் தப்பியது. உலகம் போர்வையைப் பற்றியே பேசியது. ஆனால் 1960களிலிருந்தே இப்பூங்காவில், பொருத்தமான காலநிலை பார்த்து, கட்டுப்பாட்டுடன் சிறு தீ மூட்டிச் சருகை அகற்றி வந்துள்ளனர். அவ்வாறு எரிக்கப்பட்ட பகுதிக்குள் வந்த பெருந்தீயின் வேகம் தணிந்தது. 2022 ஜூலையில் யொசெமிட்டி பூங்காவின் மரிபோசா தோப்பை நெருங்கிய தீயிலும் இந்த முன்னேற்பாடு கைகொடுத்தது.

அப்படியானால் நம் மலைகளையும் எரிக்கலாமா? கூடாது. எமது மலைக்காட்டு மரங்களுக்கு அத்தகைய பட்டையும் இல்லை, தீக்காகக் காத்திருக்கும் விதையும் இல்லை. வரண்ட மாதங்களில் எல்ல, ஹப்புத்தளைப் பக்கங்களில் எரியும் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதே. அது அழிப்பது நீரூற்றுகளைக் காக்கும் காட்டை.

ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் இயல்பு உண்டு. அதை அறியாமல் செய்யும் பாதுகாப்பும் காட்டை அழித்துவிடலாம் என்பதே செக்கோயா தரும் பாடம்.