சாவிக்கொத்தும் வேலூர்ப் புள்ளியும்

இலங்கையில் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்ட லயங்களில் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். அது அகப்படாவிட்டால் அலவாங்கைக்கூடத் தொட வைப்பார்கள். இரும்பைக் கையில் திணித்துப் பொத்திப் பிடித்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் உதறல் அடங்கிவிடும் என்பார்கள். அடங்கத்தான் செய்கிறது, அதில் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலான வலிப்பு இரும்பு இல்லாமலும் அதே நேரத்தில்தான் அடங்கும். பேர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது.

படிக்காத சனத்தின் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட வேண்டாம். ஸ்கேன் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர்களும் இதே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள்.

1980களில் இந்திய ஆஸ்பத்திரிகளில் சி.டி. ஸ்கேன் பரவத் தொடங்கியது. வலிப்போடு வந்தவர்கள் பலரின் படத்தில் ஒரே காட்சி: மூளையில் ஒற்றைப் புள்ளி, பட்டாணி அளவு, அல்லது அதைவிடச் சிறிது. சுற்றிலும் வீக்கத்தின் கறுப்பு நிழல். மூளைக்குள் இப்படி ஏதாவது தெரிந்தால் அங்கே முதலில் காசநோயைச் சந்தேகிப்பது வழக்கம். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி படம் எடுத்தால் புள்ளியைக் காணோம். மாத்திரை கேட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், வெறும் வலிப்பு மருந்து மட்டும் சாப்பிட்டவர்களின் புள்ளியும் மறைந்துகொண்டிருந்தது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் நரம்பியல் துறையில் இதை விடாமல் துருவினார்கள். ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கிய துறை அது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலானோர் சிலரின் புள்ளியை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். எதிர்பார்த்த காசநோய்க்குப் பதிலாகத் தென்பட்டது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். இது 1989இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

இந்தப் புழுவின் கதை விசித்திரமானது. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும், 2 முதல் 7 மீட்டர் வரை. மூளைக்குப் போகும் வழி வேறு. புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கழுவாத கை, பச்சைக் கீரை, தண்ணீர் வழியாக இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும். அதனால் பன்றியைக் கண்ணால் பார்க்காத சைவக்காரருக்கும் வரும். முட்டையிலிருந்து வெளிவந்தது குடற்சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, மூளையில் இறங்கி, ஒரு நீர்ப்பைக்குள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். உடம்பின் காவலுக்குத் தப்பும் வித்தை அதற்குத் தெரியும். பெரும்பாலும் வலிப்பு வருவது அது உயிரோடு இருக்கும்போதல்ல, சாகும்போது. வித்தை தளர்ந்ததும் உடம்பு விழித்துக்கொண்டு பாய்கிறது. அந்தச் சண்டையில் வந்த வீக்கம்தான் படத்தில் தெரிந்த நிழல். ஆள் டாக்டரிடம் போய்ச் சேரும்போது சண்டை ஏறக்குறைய முடிந்திருக்கும்.

வேலூர்க்காரர்கள் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். புள்ளி ஒன்றே ஒன்று, 20 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, மண்டைக்குள் அழுத்தம் ஏறவில்லை, கைகால் பலவீனம் கூடிக்கொண்டு போகவில்லை, உடம்பில் வேறெங்கும் காசநோய் இல்லை. அப்படியென்றால் கத்தியும் வேண்டாம், காசநோய் மாத்திரையும் வேண்டாம். வலிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுச் சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் போதும் என்றார்கள். அறுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை, அறுக்காமலிருக்க அளவுகோல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எல்லா வலிப்பும் புழுவால் வருவதல்ல. தலையில் பட்ட அடி, மூளைக்காய்ச்சல், பிறவிக் கோளாறு, காரணமே பிடிபடாதவை என்று நிறைய உண்டு. எதுவானாலும் மடுல்கெல்லயிலிருந்து பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் டாக்டர் கேட்பது இதைத்தான்: “எத்தனை நிமிஷம் உதறிச்சு?” ஐந்து நிமிஷம் தாண்டியிருந்தால் அது அவசர நிலை, வைத்தியமே வேறு. கூட வந்த மாமா மாமியைப் பார்ப்பார், மாமி பக்கத்துக் காம்பிரா அக்காவைப் பார்ப்பார். சாவி தேடிய அவசரத்தில் ஒருவரும் மணியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.