பச்சை மீன் கூட்டம் குறைவது ஏன்?

கடல் மீனை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது, "பச்சைக் குரோமிஸ்" என்ற சின்ன மீன்.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பவளப் பாறைகளை ஒட்டி இது வாழ்கிறது. சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. வெளிச்சம் பட்டால் பச்சையும் நீலமுமாக மின்னும்!

கடலில் இவை கூட்டம் கூட்டமாகத் திரியும். பெரிய மீன் வந்தால், எல்லாம் ஒரே நொடியில் பவளக் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும்.

தொட்டியில் சண்டை

கண்ணாடித் தொட்டியில் 6 மீன் விட்டால், சில மாதத்தில் 5 ஆகும். பிறகு 4 ஆகும். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சுவதும் உண்டு!

காரணம் என்ன?

மீன் வளர்ப்பவர்கள் சொல்வது இது:

கடலில் இவற்றை ஒன்று சேர்ப்பது பயம். தொட்டியிலோ எதிரி இல்லை. அதனால், "யார் பெரியவன்?" என்ற போட்டி மூளுகிறது. பலமுள்ள மீன், நோஞ்சான் மீனை விரட்டி விரட்டிக் கடிக்கிறது. கடல் என்றால் தப்பி ஓடலாம். தொட்டியில் எங்கே ஓடுவது?

என்ன செய்யலாம்?

நீளமான தொட்டி வேண்டும். ஒளிந்துகொள்ளக் கல் இடுக்குகள் வேண்டும்.

கடலில் மிதந்து வரும் நுண்ணிய உயிர்களைப் பகல் முழுவதும் கொத்தித் தின்று பழகிய மீன் இது. ஆகவே, இரையை ஒரே வேளையில் கொட்டக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போடவேண்டும்.

தினமும் மீன்களை எண்ணிப் பாருங்கள். இரைக்கு வராமல் மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

கடைக்கு வரும் இந்த மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. தொட்டியில் ஒன்று செத்தால், கடலிலும் ஒன்று குறைந்ததாகத்தான் கணக்கு!