அகலம் ஒன்றானால் போதுமா?

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. அங்கு வடக்கு-கிழக்கு பாதை 2003லும் டௌன்டவுன் பாதை 2015லும் திறக்கப்பட்டன. இரண்டிலும் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர்தான். ஆனால், மின்சாரம் பெறும் முறை வேறு. முதலாவதற்கு மேல்நிலைக் கம்பியில் 1,500 வோல்ட். இரண்டாவதற்குப் பக்கவாட்டு மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட். ஒன்றின் ரயில் மற்றதில் ஓடாது.

மாதிரி ரயில் அமைக்கும் மாணவர்களே, உங்களுக்கும் இதே பாடம்தான். எச்ஓ வகை மாதிரியில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆனால், எல்லா நிறுவனங்களின் தண்டவாளங்களும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ‘கோட் 100’ தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், ‘கோட் 83’ 2.11 மி.மீ. தான். வித்தியாசம் 0.43 மி.மீ. அற்பமா? எச்ஓ மாதிரி, நிஜத்தைவிட 87 மடங்கு சிறியது. 87ஆல் பெருக்கினால், நிஜ ரயிலுக்கு அது சுமார் 37 மி.மீ. படி! சக்கரம் தடம் புரளலாம்.

தீர்வு எளிது. தாழ்ந்த பாதையின் அடியில் மெல்லிய அட்டை வைத்து உயர்த்துங்கள். தண்டவாளங்களின் மேற்பரப்பும் உள்விளிம்பும் ஒரே நேராக இருக்கவேண்டும். உலோக இணைப்பானையும் இறுக்கமாகப் பொருத்துங்கள்; தளர்ந்தால் மின்தடை கூடும், ரயில் தயங்கும்.

பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இணைப்பின்மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால், சக்கரமும் தட்டும்.