உங்களுக்குத் தெரியுமா? சாம்பாரிலும் ஒளிந்திருக்கும் கோதுமை!

ஈப்போவில் காலையில் ரொட்டி சானாய் பசியாறுகிறவரா நீங்கள்? உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு அந்த ரொட்டி ஆகவே ஆகாது! கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடம்பு தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். பெயர் சீலியாக் நோய்!

வெள்ளைக்காரன் வியாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 562 இளையோரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லாரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். 2015-இல் முடிவு வந்தது. 1.25 விழுக்காட்டினரின் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்! மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று யாரையும் விடவில்லை!

அடுத்தது நான் தேடிப் பிடித்ததிலேயே பெரிய மீன். இந்தியாவில் 23,331 பேரிடம் நடந்த ஆய்வு, 2016-இல் வெளியானது. வடக்கே சீலியாக் 1.23 விழுக்காடு. தெற்கே, நம் வேலூர்ப் பக்கம், வெறும் 0.10!

வடக்கே ஒருவர் தினம் சாப்பிட்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம்!

சரி, இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு? வடக்கே 38 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. தெற்கே 36! அடேயப்பா, கிட்டத்தட்ட சமம்! மரபணு நம்மிடம் முன்பே இருந்தது. தட்டில் கோதுமைதான் இல்லை!

ரப்பர் பால் வெட்ட வந்த தாத்தா பாட்டிக்குச் சோறும் கஞ்சியும். பேரப்பிள்ளைக்குக் காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ கோரெங், சாயங்காலம் பிஸ்கட்! இத்தனைக்கும் மலேசியா தின்னும் கோதுமை கப்பலில்தான் வருகிறது. பேராக்கின் லுமுட்டிலேயே அதை அரைக்கப் பெரிய ஆலை இருக்கிறது!

தாத்தா பால் வெட்டிய அந்த ரப்பரின் கன்றைக் கோலகங்சாரில் நட்டது 1877. பத்தே ஆண்டில், 1887-இல், லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ சீலியாக் நோயைப் பற்றிப் பேசினார். இதற்குச் சாப்பாடுதான் வைத்தியம் என்றார். எந்தச் சாப்பாடு என்று அவருக்கும் தெரியாது! ஒரு குழந்தைக்குத் தினம் ஒரு லிட்டருக்கு மேல் நெதர்லாந்துச் சிப்பி கொடுத்தார்கள். குழந்தை தேறியது. சிப்பிக் காலம் முடிந்தது, மறுபடி படுத்துவிட்டது!

1924-இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழம் கொடுத்தே குழந்தைகளைத் தேற்றினார். பேர் வாங்கியது பழம். தேற்றியது தட்டில் ரொட்டி இல்லாததுதான்!

ஜப்பான்காரன் காலம் நினைவிருக்கிறதா? வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அரிசி கிடைக்காமல் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். அதே காலத்தில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்திலும் பஞ்சம். அங்கே துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள்! ஊரே வாடியது, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்தது, நோயும் கூடவே வந்தது. கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் வைத்திருந்த மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் ஆய்வேடே எழுதிக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தார்!

இனி அடுப்படிக்கு வாருங்கள். இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு: குளூட்டன் பூஜ்யம்! கேழ்வரகு, கம்பு, தினை: பூஜ்யம்! ரவை? அது கோதுமையேதான்! கோயில் பிரசாதம் ரவைக் கேசரியும் சேமியாப் பாயசமும் இதில் சேர்த்தி!

பெருங்காயம்! கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வகைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகையில் சாம்பாருக்குள்ளும் நுழைந்துவிடும்!

கடையில் அரிசித் தோசைதானே என்று நிம்மதியாகக் கேட்பீர்கள். முந்தைய நிமிடம் அதே கல்லில் ரொட்டி சானாய் வெந்திருக்கலாம்!

உடம்புச் சூட்டுக்குப் பார்லித் தண்ணீர் குடிப்போமே, அதிலும் குளூட்டன் உண்டு! மைலோவிலும் உண்டு, அதன் மால்ட் பார்லியிலிருந்து வருவது!

ஈப்போவின் கோழி கோய்த்தியாவ் அரிசியில் செய்தது. ஆனால் மேலே ஊற்றும் கீச்சாப்? சோயாவோடு கோதுமையும் சேர்த்து நொதிக்க வைப்பது பரவலான வழக்கம்!

ஈப்போக்காரர்கள் மார்தட்டிக்கொள்ள ஒன்று. வழக்கமான கறுப்புக் கோப்பிக்கொட்டையைச் சீனி, மார்ஜரினோடு கோதுமையும் போட்டு வறுப்பது உண்டு. புகழ்பெற்ற ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கு மார்ஜரின் மட்டும்! (பொட்டலக் கோப்பி என்றால் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.)

கையில் பிசின் மாதிரி ஒட்டுமே புலுட் அரிசி, அதில் குளூட்டன் துளியும் இல்லை!

எவ்வளவு சாப்பிட்டால் கெடுதல்? தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் சேதமாகும். ஒரு பிரெட் துண்டில் இருப்பது சுமார் 2 கிராம். அதாவது நாற்பதில் ஒரு பங்கு! குளூட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் போட, அனைத்துலக வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான்!

வயிற்றுப்போக்கே இல்லாமலும் இந்த நோய் இருக்கும்! இரும்பு மாத்திரை விழுங்கியும் தீராத ரத்தசோகை, அடிக்கடி வாய்ப்புண், முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளத்தோடு அரிப்பு, வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை. எல்லாம் இதன் வேலையாக இருக்கலாம்!

பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் யாருக்காவது இருந்தால், உங்களுக்கும் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7, 8!

இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. ஊசி கிடையாது. கோதுமை, பார்லி என்று குளூட்டன் உள்ள எல்லாவற்றையும் ஆயுசுக்கும் விட்டால் போதும், பெரும்பாலோருக்குக் குடல் தானே ஆறிவரும்!

மே 16 அனைத்துலக சீலியாக் நாள். அதுவரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன தொல்லை இருந்தால் டாக்டரிடம் சீலியாக் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒன்றே ஒன்று: சோதனைக்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்!