ஃப்ரிட்ஜுக்குள் ஒரு கோப்பு

பிளெஸ்ஸி இயக்கி 2005-இல் வந்த 'தன்மாத்ர' மலையாளப் படத்தில், திருவனந்தபுரம் தலைமைச் செயலக ஊழியர் ரமேசன் நாயராக மோகன்லால். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த முக்கியமான கோப்பை அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். அல்சைமரின் தொடக்கம். நாற்பதைத் தாண்டிச் சாவியைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அத்தனை பயம் வேண்டாம். வயதாக ஆகப் பெயர்கள் சட்டென்று நாக்குக்கு வருவதில்லை. ஆனால் “அதான், கிழக்கேகோட்டையில் துணிக்கடை வைத்திருந்தாரே” என்று யாராவது அடியெடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். விஷயம் உள்ளேதான் இருக்கிறது; எடுப்பதற்குத்தான் நேரமாகிறது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸை, அதாவது புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியை. காலையில் வந்துபோன மருமகனைப் பற்றி எத்தனை துப்புக் கொடுத்தாலும் பயனில்லை. அந்த வருகை பதியவே இல்லை. அதே ஆள் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியை இலை இலையாக விவரிப்பார். வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

இதை அளந்து பார்க்க ஒரு தேர்வு உண்டு. கேம்பிரிட்ஜில் ஜான் ஹாட்ஜஸ் குழுவில் இருந்த பி.எஸ். மதுரநாத் 2000-இல் வெளியிட்ட அடன்புரூக்ஸ் தேர்வுக்கு 100 மதிப்பெண். ஒரு முகவரியைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர்கள் வருகின்றன என்று எண்ணுவார்கள். ஆனால் அதில் இருந்தது இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு முகவரி. அதை நெய்யாற்றின்கரைப் பாட்டியிடம் கேட்டால் தோற்பது பாட்டியா, தேர்வா? மதுரநாத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு வந்தபின், மலையாளம் பேசுவோருக்கு ஏற்றபடி மாற்றப்பட்ட தேர்வு 2004-இல் வெளியானது. படிப்பும் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்பதால் ஒரே அளவுகோலை எல்லோர்மேலும் வைக்க முடியாது.

மதிப்பெண்ணைவிடக் கூடவந்தவரின் பேச்சை நான் அதிகம் நம்புவேன். “எனக்கு எல்லாம் மறந்துபோகிறது டாக்டர்” என்று தானே வந்து புலம்புகிறவருக்குப் பல சமயம் மனச்சோர்வோ தூக்கக் குறைவோதான் இருக்கும். “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறவரின் பின்னால் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றால்தான் கவனிக்க வேண்டும். கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறாரா? பழகிய தெருவில் வழி தவறுகிறாரா? நாற்பது வருடம் வைத்த மீன்குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று தடுமாறுகிறாரா? ஃப்ரிட்ஜில் ஒரு தடவை மூக்குக்கண்ணாடி போனது கணக்கில் வராது.

அப்படித் தடுமாறினாலும் அது அல்சைமர் என்றே முடிவுகட்டிவிட முடியாது. பி12 குறைவு, தைராய்டு மந்தம், சில தூக்க மாத்திரைகள், எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் எல்லாமே இதே வேஷம் போடும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதித் தருகிறார்.