லாடம் நிற்காத குதிரைக்கு மூன்று மாத ஓய்வே மருந்து!

அடித்த லாடம் பத்தே நாளில் கழன்று விழுகிறது. விழும்போது குளம்பின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. மறுபடி அடிக்க வந்த லாடக்காரர், “ஆணி பிடிக்க இடமே இல்லை” என்று அரத்தைக் கீழே வைத்துவிடுகிறார். வண்டி ஓடினால்தான் அன்றைய வருமானம் என்று இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய அடி. அந்தியூர் சந்தையில் ஆசையாக வாங்கிவந்த குதிரை, ஒரே வருடத்தில் நொண்ட ஆரம்பிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடிப்பது. ஏற்கெனவே சல்லடையான குளம்பு, அதோடு பிளந்துவிடும். உள்ளே தள்ளி அடித்தால் ஆணி சதையில் ஏறி, சீழ் வைத்துவிடும்.

குளம்பு ஏன் பெயர்கிறது?

குளம்பு நம் நகம் மாதிரிதான். சாணி, மூத்திர ஈரத்தில் ஊறி மென்மையாகிறது. பிறகு வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. இப்படி மாறி மாறி நடந்தால் ஆணிப் பிடி தளர்ந்துவிடும். லாடத்தை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டாலும் குளம்பு நீண்டு, ஓரம் பெயரும்.

வெறுங்காலில் விடுங்கள்

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லி மீட்டர் வளரும். ஆணி ஓட்டைகள் தரையிலிருந்து சுமார் 2 சென்டி மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். ஆக, இரண்டு மூன்று மாதம் பொறுத்தால், கெட்ட பகுதி கீழிறங்கித் தேய்ந்து, ஆணி பிடிக்க நல்ல குளம்பு வந்துவிடும். குளம்பு முழுவதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதம் ஆகும்.

இந்தக் காலத்தில் ஓரத்தைக் கூர்மையாக விடாமல், அரத்தால் சாய்வாக உருட்டிவிட வேண்டும். ஓரம் கல்லில் மாட்டாது. பிளவு மேலே ஏறாது. 4 வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். அடிப்பாதத்தை மட்டும் சீவக் கூடாது. கல் குத்தாமல் காப்பது அந்தத் தடிப்புதான்.

தார் ரோட்டிலும் ஜல்லியிலும் நடத்தாமல், மண் தரையில் மேய விடுங்கள். கொஞ்ச தூரம் நடத்தியே ஆக வேண்டுமென்றால், குளம்புக்கு மாட்டும் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. குளம்பைச் சீவிய பிறகு நீள, அகலம் அளந்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி, கழுவிக் காயவைத்து, குதிகாலில் உராய்ந்து புண்ணாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தினசரி கவனிப்பு

தினமும் நான்கு குளம்பையும் தூக்கி, மண்ணையும் கல்லையும் நோண்டி எடுங்கள். அடிப்பாதத்தின் நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி கறுத்து நாற்றமடித்தால், அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழுவித் துடைத்து, நீர்த்த போவிடோன் அயோடின் போட்டு, கட்டுத்தறியை உலர்வாக வைத்தால் ஆரம்பத்திலேயே அடங்கிவிடும்.

தீவனத்தில் தவிடு மட்டும் அதிகமானால் கால்சியம் குறையும். குதிரை மசால் கொடுத்தால் அது ஈடாகும். பயோட்டின், துத்தநாகம் கலந்த சத்து மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். புதிதாக வளரும் குளம்பில்தான் பலன் தெரியும் என்பதால், 6 மாதத்துக்கு மேலாவது தொடர வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

குளம்பு சுடுகிறது, காலை ஊன்ற மறுக்கிறது, பிளவு மயிர்க்கால் வரை ஏறி ரத்தம் கசிகிறது, ஆணி குத்திவிட்டது என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் வரும், தடுப்பூசி அவசியம். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.

மூன்று மாத வருமானம் போவது கஷ்டம்தான். சவாரி குறைவாக உள்ள மாதங்களாகப் பார்த்து இந்த ஓய்வைக் கொடுத்தால் இழப்பு குறையும். குளம்பே போய்விட்டால், குதிரையே போனது போலத்தான்.