சுவர்த்தாளின் அடுக்குகள்

சுவருக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்திலோ சித்திரம் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டுவது நெடுநாளைய வழக்கம். 1712-ஆம் ஆண்டில் அத்தாளுக்கு வரியே விதித்தனர். 1836-இல்தான் அது நீங்கிற்று.

பழைய தாளை உரிக்காமலே அதன்மேல் புதியதை ஒட்டிவிடுவார் பலர். விளைவு என்ன? புதுப்பசையின் ஈரம் அடியிலுள்ள பழம்பசையை இளக்கிவிடும். பாரம் தாங்காமல் எல்லா அடுக்குகளும் ஒருங்கே பெயரும்.

ஆகவே, உரித்தல் வேண்டும். ஆனால், உலர்ந்த தாளைச் சுரண்டலாகாது. 1775-இல் ஷீலே என்னும் ரசாயன அறிஞர் ஒரு பச்சைச் சாயத்தைக் கண்டார். அதில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தாள்கள் பலவற்றில் இத்தகைய பச்சை நிறங்கள் ஏறின. அத்தூள் மூச்சில் புகுந்தால் நஞ்சு. ஈரத்தாளிலிருந்து தூள் எளிதில் பறப்பதில்லை.

முறை இதுதான்: தாளை மேலாகக் கீறி, வெந்நீரால் பலமுறை நனைத்து, பசை ஊறியபின் அகன்ற தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். எஞ்சிய பசையைக் கழுவி, வெடிப்புகளைச் சாந்தால் அடைத்து, சுவரை நன்கு உலரவிட வேண்டும். பின்னர், நீர்த்த பசையை ஒருமுறை பூச வேண்டும். இல்லையேல், வறண்ட சுவர் புதுப்பசையின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும், தாள் நிலைக்காது.

வகுப்பில் புதுப்பாடம் தொடங்குமுன், மாணவர் மனத்திலுள்ள பழம்பிழைகளைக் கேட்டறிந்து களைவதே என் வழக்கம். சுவருக்கும் நெறி அதுவே.